எக்ஸஸ் என்பது மிகைத் தொகை அன்று

கட்டுமான இடர்களும் காப்பீடும் பற்றிக் கோவையில் அண்மையில் நடந்த தொழில்முறைக் கருத்தரங்கில் தமிழ்க் குறிப்பேடு ஒன்று கொடுத்தார்கள். ஒப்பந்ததாரர்களுக்கான அனைத்து இடர்க் காப்பீட்டின் விதிகளை விளக்கும் பக்கத்தில், இழப்பில் காப்பீடு எடுத்தவரே ஏற்கவேண்டிய பகுதியைக் குறிக்கும் ‘எக்ஸஸ்’ என்பதற்கு ‘மிகைத் தொகை’ என்று அச்சிட்டிருந்தது. முகவர்களின் துண்டறிக்கைகளிலும் விளக்கக் கூட்டங்களிலும் இந்தப் பெயர்ப்பைப் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன். இனியும் பேசாதிருப்பது தகாது. அட்டவணையின் ஒரு வரி, ‘இயற்கைச் சீற்றம்: மிகைத் தொகை ரூ. 1,00,000’ என்றிருந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த பல்லடத்து ஒப்பந்ததாரர் அதில் விரலை வைத்து, “ஏனுங்க, வெள்ளம் வந்தா நஷ்டத்துக்கு மேல ஒரு லட்சம் சேர்த்துக் குடுப்பாங்களாட்ட இருக்குதுங்களே?” என்று கேட்டார். தமிழறிந்த எவரும் அந்த வரியை அப்படித்தான் படிப்பார். உண்மையோ நேர்மாறானது, அந்த ஒரு லட்சம் அவருடைய கையிலிருந்து போகவேண்டிய பணம்.

‘எக்ஸஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன். ‘கடந்து செல்லுதல்’ என்பது பொருள். இன்ன தொகையைக் கடந்த இழப்பை மட்டுமே காப்பீட்டு நிறுவனம் தரும் என்பது விதி. காலப்போக்கில், கடந்த பகுதிக்கு உரிய சொல் கடக்கப்படும் வரம்புக்கே பெயராகிவிட்டது. ஆங்கிலத்தில் நேர்ந்த இந்தத் தலைகீழ் மாற்றத்தை அறியாமல் அகராதியின் முதற்பொருளை எடுத்து வைத்ததால் வந்த பிழையே ‘மிகை’.

இதைவிட ஆழமாக வேரூன்றிய பிழை ‘கழிவுத் தொகை’. எக்ஸஸுக்கு அமெரிக்க வழக்கான ‘டிடக்டிபிள்’ என்பதற்கு நேராக ஆக்கப்பட்ட இச்சொல்லைக் கற்றவர்களே ஆதரிக்கிறார்கள். கழித்துக்கொள்ளப்படுவது கழிவுதானே என்பது அவர்கள் வாதம். இலக்கணப்படி குறையில்லை. ஆனால் கட்டுமானத் தொழிலில் கழிவு என்றால் இடித்துக் கொட்டிய செங்கல்லும் காரையும். அனைத்து இடர்க் காப்பீட்டில் இடிபாடுகளை அகற்றும் செலவுக்கெனத் தனியே கூடுதல் காப்பு வாங்கும் வசதி உண்டு. அதே ஆவணத்தில் ‘கழிவுத் தொகை’ என்று இன்னொரு வரி நின்றால், அதை இடிபாடு அகற்றக் கிடைக்கும் பணமென்று மேஸ்திரி எடுத்துக்கொண்டால், குற்றம் அவருடையதன்று. கடைத்தெருவிலோ கழிவு என்பது வாங்குபவருக்கு விலையில் தரும் தள்ளுபடி. அங்கும் பொருள் அவருக்குச் சாதகமாகவே திரிகிறது.

இன்னொரு தடையும் உண்டு. இழப்பை மதிப்பிடும் சர்வேயர் பல தொகைகளைக் கழிக்கிறார். சிதைந்த கம்பியைப் பழைய இரும்புக்கு விற்றால் கிடைக்கும் மதிப்பு ஒன்று. ஒப்பந்த மதிப்பைக் குறைத்துக் காட்டிக் காப்பீடு எடுத்திருந்தால் அதற்கேற்ற விகிதக் குறைப்பு மற்றொன்று. இவற்றுக்குப் பிறகே எக்ஸஸ் கழிகிறது. மூன்றும் கழிப்பவைதாம். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் கழிவு என்று பெயர் சூட்டினால், கணக்குத் தாளைப் படிப்பவர் எதை எதனோடு பொருத்துவார்?

நான் பரிந்துரைப்பது ‘தன்பொறுப்புத் தொகை’. எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதை விட்டு, யார் தலையில் விழுகிறது என்பதைச் சொல்லும் சொல் இது. ‘கைக்காசு போடணும்’ என்று நம் பக்கத்தில் சொல்லும் பொருளும் அதுவே. அடித்தளத்துக்குத் தோண்டிய பள்ளத்தில் மழையால் மண் சரிந்து, கட்டி நின்ற தாங்குசுவர் விழுந்து, மற்றக் கழிப்புகள் போக ஆறு லட்ச ரூபாய் இழப்பு என்று வைத்துக்கொள்வோம். தன்பொறுப்புத் தொகை ஒரு லட்சமென்றால் நிறுவனம் தருவது ஐந்து லட்சம். இழப்பு எண்பதாயிரமே என்றால் ஒன்றும் வராது. அடுத்த மாதம் வேறொரு மழையில் மீண்டும் சரிந்தால் மீண்டும் ஒரு லட்சம் அவர் பொறுப்பு. ஏனெனில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் அது தனித்தனியே பொருந்தும். சொல் தெளிவாக இருந்தால் இந்த விதிகளெல்லாம் இயல்பாகவே விளங்கும்.

ஒலிபெயர்த்த ‘எக்ஸஸ்’ என்பதையே வைத்துக்கொள்ளலாமே என்று கருத்தரங்கில் ஒருவர் சொன்னார். தவறான தமிழைவிட அது மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பொருள் தெரியாத சொல்லைக் கண்டவர் கேட்டறிவார், பொருள் தெரிந்ததாகத் தோன்றும் சொல்லைக் கண்டவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். நம் மொழிபெயர்ப்பாளர்கள் பாலிசியை முழுக்கப் படிக்காமல் சொற்பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்டு வேலையை முடிப்பதுதான் என் மனக்குறை. ஓர் இழப்பீட்டுக் கணக்கையாவது முதலிலிருந்து கடைசிவரை பார்த்தவர் ‘மிகை’ என்று எழுதமாட்டார்.

குறிப்பேட்டின் அந்த வரி, ‘இயற்கைச் சீற்றத்தால் நேரும் ஒவ்வோர் இழப்பிலும் முதல் ரூ. 1,00,000 காப்பீடு எடுத்தவரின் தன்பொறுப்பு’ என்றிருக்க வேண்டும். விழுக்காட்டில் குறிக்கும் பாலிசிகளில், ‘இழப்பீட்டுத் தொகையில் 5 விழுக்காடு, குறைந்தது ரூ. 50,000, தன்பொறுப்பு’ என எழுதலாம். இடம் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். அட்டவணையின் கட்டத்தை அகலமாக்கிக்கொள்ளட்டும்.