இன்வாய்ஸ் ஏன் திரும்பி வந்தது?

ராணிப்பேட்டையில் தோல் பொருள் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். இணைய இணைப்பை மாற்றி நான்கு நாள் ஆகியிருந்தது. வரவேண்டிய மின்னஞ்சல்கள் ஒழுங்காக வந்தன, அனுப்பியவைதாம் திரும்பின. கணக்குப் பிரிவிலிருந்த அம்மா இத்தாலிக்குப் போகவேண்டிய இன்வாய்ஸை மூன்று முறை அனுப்பிப் பார்த்துவிட்டு, கடவுச்சொல்லையும் மாற்றியிருந்தார். தவறு தன்னுடையது என்றே நான்கு நாளும் நினைத்திருக்கிறார். திரும்பி வந்த கடிதத்தின் அடியில் 550 5.7.25 என்று இருந்தது. மின்னஞ்சலை அனுப்பும் சர்வரின் ஐபி முகவரிக்கு, அதாவது இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண்ணுக்கு, சரியான பெயர் கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள். இணைப்பை மாற்றியபோது அந்த எண்ணும் மாறியிருந்தது.

நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். சிட்டாவில் ஆளை வைத்து சர்வே எண்ணைப் பார்க்கிறோம். அ-பதிவேட்டில் சர்வே எண்ணை வைத்து ஆளைப் பார்க்கிறோம். இணையப் பெயர்களையும் எண்களையும் பொருத்திக் காட்டும் டிஎன்எஸ்ஸிலும் அப்படி இரண்டு கணக்கு உண்டு. பெயருக்கு எண் சொல்லும் ஏ ரெக்கார்டை நம் டொமைனின், அதாவது நம் இணையப் பெயரின், நிர்வாகப் பக்கத்தில் நாமே எழுதிக்கொள்ளலாம். எண்ணுக்குப் பெயர் சொல்லும் பிடிஆர் ரெக்கார்டு அப்படியல்ல. அந்த ஐபி முகவரியை நமக்குக் கொடுத்த இணைய சேவை நிறுவனம்தான் அதை எழுத வேண்டும், அல்லது எழுதும் உரிமையை நமக்குத் தர வேண்டும்.

வேலூர்ப் பக்கம் நான் அடிக்கடி பார்க்கும் பிழை, டொமைன் பக்கத்திலேயே பிடிஆர் என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருப்பது. அந்த வரியை யாரும் தேடி வருவதில்லை. கடிதத்தைப் பெறும் சர்வர், 203.0.113.25 யாருடையது என்று கேட்க, எண்களைத் திருப்பி 25.113.0.203 என்று வைத்து, பின்னால் இன்-ஏடிடிஆர்.ஆர்பா சேர்த்துத் தேடும். அந்தக் கிளை உங்கள் டொமைனுக்குள் இல்லை. கிடைத்த பெயருக்கு மறுபடி எண்ணைக் கேட்டு, இரண்டும் ஒத்துப்போகிறதா என்றும் பார்க்கும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் தனக்கு அனுப்பும் எல்லோரிடமும் இதை எதிர்பார்க்கிறது.

சேவை நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டோம். மறுநாள் பிடிஆர் எழுதிவிட்டார்கள். கடிதம் திரும்புவது மட்டும் நிற்கவில்லை. டிஎன்எஸ்ஸின் பதிலைக் காட்டும் டிக் கட்டளையில் எண்ணைக் கொடுத்துப் பார்த்தேன். மெயில் சர்வரின் பெயர் முடியவேண்டிய இடத்தில் முடியாமல், வாலில் அதே திருப்பிய எண்களும் ஆர்பாவும் ஒட்டிக்கொண்டு வந்தன. பெயரின் இறுதியில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தது. டிஎன்எஸ் வரிகளை எழுதிவைக்கும் ஸோன் கோப்பு, புள்ளி இல்லாத பெயரை முழுப்பெயராக எடுத்துக்கொள்ளாது. தன் பெயரையும் பின்னால் சேர்த்துவிடும். புள்ளியை வைத்தவர்கள், கோப்பு மாறியதைக் காட்டும் சீரியல் எண்ணைக் கூட்டவில்லை. அதனால் கோப்பின் நகலை வைத்திருக்கும் இரண்டாம் நிலை சர்வர் இன்னும் ஒரு நாள் பழைய பதிலையே சொன்னது. இன்வாய்ஸ் அதற்கு அடுத்த நாள்தான் போய்ச் சேர்ந்தது.

இணைப்பை மாற்ற நினைப்பவர்கள், பிடிஆர் எழுதித் தருவார்களா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேளுங்கள். ஏ ரெக்கார்டின் டிடிஎல், அதாவது பழைய பதிலை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம், 86400 வினாடி என்றிருந்தால், மாற்றத்துக்கு இரண்டு நாள் முன்னதாக அதை 300 ஆக்கிவிடுங்கள். சர்வர் ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி வழியாகவும் அஞ்சல் அனுப்பினால் அந்த முகவரிக்குத் தனியாக ஒரு பிடிஆர் கேட்டு வாங்குங்கள். பழைய வகையான ஐபிவி4 முகவரிக்கு எழுதியது அதற்குச் செல்லாது.