பழைய துப்பாக்கியில் தோட்டா போடும் முன்

கையால் செய்த இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று பரிசோதனைக்கு வந்தால், பூவேலைப்பாட்டை அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் கண் போவது, குழலும் அடிப்பாகமும் சேரும் இடத்துக்கு. லண்டனின் பர்டி, பாஸ் போன்ற பட்டறைகளின் கைத்திறன் அங்கேதான் இருக்கிறது. விளக்குப் புகைக்கரியை இரும்பில் மெல்லிசாகத் தடவி, மூடித் திறந்து பார்ப்பார்கள். கரி ஒட்டிய இடம் மேடு. அங்கே மட்டும் அரத்தால் லேசாக ஓர் இழுப்பு. மறுபடியும் கரி, மறுபடியும் மூடல். பரப்பு முழுக்க ஒரே சீராகக் கரி பதியும்வரை விடமாட்டார்கள். வால்நட் கட்டையை இரும்போடு இழைப்பதும் இப்படித்தான். அதன் வளைவும் சரிவும் சுடுபவரின் தோளுக்கும் கண்ணுக்கும் அளவெடுத்தவை. எத்தனை துப்பாக்கி பார்த்தாலும் எனக்கு அந்தப் பிரமிப்பு அடங்குவதில்லை.

இவ்வளவு நேர்த்தியாக இருக்கிறதே, தாராளமாகச் சுடலாம் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அதுதான் என் கவலை.

பழைய 12 போர் (குழல் துளையின் அளவைக் குறிக்கும் எண்) துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறையின், அதாவது குழலின் அடியில் தோட்டா உட்காரும் இடத்தின், நீளம் 65 மி.மீ. இப்போது பரவலாகக் கிடைக்கும் தோட்டா 70 மி.மீ. அந்த 70 என்பது சுட்டபின் வாய் விரிந்த நீளம். சுடுமுன் வாய் மடிந்திருப்பதால், குட்டையான அறைக்குள்ளும் அது தடையில்லாமல் போய் உட்கார்ந்துவிடும். துப்பாக்கியும் ஒழுங்காக மூடும். சுடும்போதுதான் வினை. மடிப்பு விரிய இடமில்லாமல் குழல் குறுகும் இடத்தை நெருக்க, அழுத்தம் எகிறும். ஆகவே போட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அறையை அளந்தே ஆகவேண்டும்.

டமாஸ்கஸ் குழல் என்றால் இன்னும் கவனம் தேவை. இரும்பையும் எஃகையும் முறுக்கி, சுற்றி, அடித்து ஒட்டவைத்த அந்தக் குழல்களில் பெரும்பாலானவை கருமருந்துக் காலத்தவை, அதாவது இன்றைய புகையில்லா வெடிமருந்துக்கு முந்தியவை. வெளியே அலையலையாக அழகு. உள்ளே துருக்குழி இருக்கலாம். குழியை மறைக்க யாராவது உட்புறத்தைக் கடைந்திருந்தால் சுவர் மெலிந்திருக்கும். குழல் பளபளவென்று இருக்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சுவரின் தடிமனைக் கருவி வைத்துத்தான் அளக்க முடியும்.

குழலின் அடித்தட்டில் உள்ள சோதனை முத்திரையையும் பாருங்கள். லண்டனிலும், 1813இல் தொடங்கிய பர்மிங்காம் துப்பாக்கிச் சோதனை நிலையத்திலும், வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தத்தில் சுட்டுப் பார்த்தபின் குத்தும் முத்திரை அது. ஆனால் அது சோதித்த அன்றைய நிலைக்குத்தான் சாட்சி; பிறகு பிடித்த துருவுக்கு அல்ல.

தயவுசெய்து மெருகேற்றாதீர்கள். எலும்புக்கரியில் புதைத்துக் காய்ச்சும்போது இரும்பில் படியும் நீலமும் பழுப்பும் மேல்தோல் அளவுதான். மெருகுச் சக்கரத்தில் பஃப் போட்டால் அதுவும் போகும், முத்திரையும் மழுங்கும். உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுநரிடம் இருக்கிறபடியே கொடுங்கள். துருவோடு வந்தால்தான் எங்கே, எவ்வளவு ஆழம் அரித்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும்.