பென்சே: யதார்த்தம் அல்ல, தன்னிறம்

மிங் காலச் சீன நாடகம் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் 'பென்சே' என்ற விமர்சனச் சொல் வந்தாலே 'யதார்த்தம்' என்று போட்டுவிடுகிறார்கள். இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

'பென்' என்றால் மூலம், 'சே' என்றால் நிறம். சேர்த்தால் ஒரு பொருளின் பிறவி நிறம். முதலில் கவிதையைப் பற்றிப் பேசப் பயன்பட்டது, அப்புறம் நாடகத்துக்கு வந்தது.

நாடகத்தில் அதைக் கூர்மையாக்கியவர்களில் முக்கியமானவர் நாடகாசிரியர் சூ வெய் (1521–1593). அவருடைய கோபம் 'நறுமணப்பை' போன்ற நாடகங்கள் மேல். அரசுத் தேர்வுக் கட்டுரையின் நடையிலேயே நாடகம் எழுதுகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. பாட்டில் பழைய 'கவிதைத் தொகை'யின் வரிகளும் தாங் காலக் கவிஞர் தூ ஃபூவின் வரிகளும்; வசனத்திலும் ஏட்டுநடை. வேலையாள், சிறுவர், பெண்கள் எல்லோருக்கும் பாட்டு விளங்க வேண்டும், விளங்காத புலமையைவிடக் கொச்சையே மேல் என்றார். இன்னோரிடத்தில் பென்சேயை 'அசல் ஆள்' என்றும் அதற்கு எதிரானதை 'மாற்றாள்' என்றும் விளக்குகிறார்: பணிப்பெண் எஜமானியாக வேடம் போட்டால் கூச்சம் காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் யதார்த்தம் எங்கே இருக்கிறது? வாழ்க்கையை உள்ளபடி மேடையில் காட்டு என்ற கொள்கை 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வளர்ந்தது. மிங் மேடையில் பாத்திரம் தன் துயரத்தைப் பாடிச் சொல்லும், கோமாளி முகத்தில் சாயம் இருக்கும். சூ வெய் இதையெல்லாம் குறை சொல்லவில்லை. அவர் சண்டை போட்டது பாத்திரத்தின் வாயில் ஒட்டாத மொழியோடு. 'யதார்த்தம்' என்றதும் வாசகர் அவரை ஐரோப்பிய யதார்த்த நாடகாசிரியர் இப்சனுக்கு முன்னோடி ஆக்கிவிடுகிறார். தேர்வு நடை நாடகத்துக்குள் புகுந்த வரலாறு கண்ணில் படாமலே போகிறது. ஆங்கில நூலைத் திறந்து, அங்கே கிடைத்த சொல்லுக்குக் கைக்கெட்டிய தமிழை வைப்பதால் வரும் வினை இது.

'எளிமை' என்பாரும் உண்டு. பாதி சரி. ஷென் ஜிங் (1553–1610) போன்ற நாடகாசிரியர்கள் பழைய தென்சீன நாடகங்களின் பேச்சுவழக்கைத்தான் பென்சே என்று போற்றினார்கள். ஆனால் 'அசல் ஆள்' என்ற பொருள் எளிமைக்குள் அடங்காது.

நான் 'தன்னிறம்' என்று எழுதுகிறேன். போலித்தனம் வெளிப்பட்டால் 'சாயம் வெளுத்துப்போச்சு' என்கிற நமக்கு இது விளக்கம் இல்லாமலே புரியும். 'இயல்பு' என்றாலும் தவறில்லை, ஆனால் நிறம் போய்விடும். இரண்டும் பிடிக்காதவர்கள் 'பென்சே' என்றே எழுதி, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் போடட்டும்.