நுனவுட்: சொல்லும் பொருளும்

கனடாவின் வடகோடியில் இருக்கும் நுனவுட்டைச் சிலர் மாநிலம் என்கிறார்கள், சிலர் மாகாணம் என்கிறார்கள், இன்னும் சிலர் பொத்தாம்பொதுவாகப் பிரதேசம் என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். ஆங்கிலத்தில் அது டெரிட்டரி, தமிழில் அதற்கு ஆட்புலம் என்பதுதான் பொருத்தமான சொல். முதலில் பெயரைப் பார்ப்போம்.

அங்கே வாழும் பழங்குடிகளான இனுயிட் மக்களின் இனுக்டிடூட் மொழியில் ‘நுன’ என்றால் நிலம், ‘வுட்’ என்பது ‘நம்’ அல்லது ‘எங்கள்’ என்று உரிமையைக் காட்டும் விகுதி. அந்த மொழியில் ஒருமை, பன்மையோடு இருமையும் உண்டு. இரண்டு பேருக்குச் சொந்தம் என்றால் ‘நுனவுக்’, மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால்தான் ‘நுனவுட்’. எல்லாம் குறில், அதனால் ‘நுனாவுட்’ என்று இழுக்க வேண்டாம்.

தமிழில் இருமை இல்லை, ஆனால் அவர்களிடம் இல்லாத நம், எங்கள் வேறுபாடு நமக்கு உண்டு. அதனால் மொழிபெயர்க்கும்போது யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று பார்த்தே ஆக வேண்டும். கனடிய அரசிடம் இனுயிட் மக்கள் நில உரிமை கேட்டு நின்ற காலத்தில் அது ‘எங்கள் நிலம்’. 1993இல் நில உரிமை ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1999 ஏப்ரல் 1 அன்று வடமேற்கு ஆட்புலங்களிலிருந்து பிரிந்து தனி அரசு அமைந்தபோது, இனுயிட் அல்லாத குடியிருப்பாளர்களுக்கும் அங்கே வாக்குரிமை கிடைத்தது. அதனால் இன்றைய நுனவுட்டுக்கு ‘நம் நிலம்’ என்பதையே நான் எடுத்துக்கொள்வேன்.

நிலம் என்றால் சும்மா இல்லை, 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல், கனடாவில் ஐந்தில் ஒரு பங்கு. 2021 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 36,858 பேர்தான். மொத்தம் 25 ஊர்கள், ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சாலை கிடையாது. விமானத்தில்தான் போக வேண்டும், கோடையில் கடல் உறைபனி உருகியதும் கப்பல் வரும், அதில்தான் டீசல், கட்டுமானப் பொருட்கள், வண்டிகள், மாதக்கணக்கில் தாங்கும் மளிகை எல்லாம் வந்து இறங்கியாக வேண்டும் என்பதால் கடையில் விலை எகிறிக் கிடக்கிறது. தலைநகர் இக்காலுயிட், ‘மீன் மிகுந்த இடம்’ என்று பொருள். 1987 வரை ஃப்ரோபிஷர் பே என்ற ஆங்கிலேயப் பெயரில் இருந்தது.

அங்கே சட்டமன்றத்தில் கட்சிகளே இல்லை. தேர்வான உறுப்பினர்கள் கூடித் தங்களுக்குள்ளேயே முதல்வரையும் அமைச்சர்களையும் தேர்ந்தெடுக்கிறார்கள். அவையின் செங்கோல் நார்வால் திமிங்கிலத்தின் நீண்ட தந்தத்தால் செய்தது, இருக்கைகளில் கடல்நாய் (சீல்) தோல். தங்கள் வாழ்க்கையை அப்படியே அவைக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள், எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

சரி, ஏன் மாகாணம் இல்லை? கனடாவில் ஒண்டாரியோ போன்ற மாகாணத்துக்கு அதிகாரம் அரசியலமைப்பிலிருந்தே வருகிறது. டெரிட்டரிக்கோ கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் உள்ள நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் கொடுக்கும் அதிகாரம்தான். ‘டெர்ரா’ என்ற லத்தீன் சொல்லுக்கு நிலம் என்று பொருள், அதிலிருந்து வந்தது டெரிட்டரி. ஆள், புலம் சேர்ந்த ஆட்புலம், ஆளப்படும் நிலம் என்ற அந்தக் கருத்தை அப்படியே தாங்குகிறது. இந்தியாவின் யூனியன் பிரதேசத்தைப் பார்த்து இதையும் பிரதேசம் என்கிறவர்கள் உண்டு, ஆனால் இலங்கையில் மாவட்டத்துக்குக் கீழே பிரதேச செயலகம் வருவதால் அங்குள்ள வாசகர் குழம்புவார்.

பணமும் பெரும்பாலும் ஒட்டாவாவிலிருந்தே வருகிறது. மேரி ரிவரில் இரும்பு, மெலியாடினில் தங்கம் என்று சுரங்கங்கள் ஓடினாலும், அரசின் செலவை நடத்துவது மத்திய நிதிதான். ஒப்பந்தப்படி இனுயிட் மக்களுக்குச் சொந்தமானது சுமார் 3.5 லட்சம் சதுர கிலோமீட்டர். மீதியில் பெரும்பகுதி கனடிய அரசின் நிலம், அதன் கனிமங்கள் பற்றிய முடிவும் ஒட்டாவாவில். இந்த நிர்வாகத்தை நுனவுட்டிடம் ஒப்படைக்க 2024 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டார்கள், மாற்றத்துக்குக் குறித்த நாள் 2027 ஏப்ரல் 1. ஆனால் அதனால் மட்டும் அது மாகாணமாகிவிடாது, சட்டப்படி ஆட்புலமாகவே இருக்கும்.