மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பவருக்கான பயிற்சி: சட்டம் சொல்வது, கற்கும் இடங்கள், கேட்டுப் பெற வேண்டியவை

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 ‘பராமரிப்பாளர்’ யார் என்பதை இரண்டாம் பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. சம்பளம் வாங்கியோ வாங்காமலோ, ஒரு மாற்றுத்திறனாளிக்குக் கவனிப்பும் துணையும் தருகிற எவரும் பராமரிப்பாளர்தான். பெற்றோரும் குடும்பத்தாரும் அதில் அடக்கம். ஆகவே மகனைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவும், ஏஜென்சி அனுப்பிய பணியாளரும் சட்டத்தின் பார்வையில் ஒரே சொல்லுக்குள் வருகிறார்கள். இந்த வரையறையில் படிப்போ சான்றிதழோ நிபந்தனையாக இல்லை.

அதே சட்டத்தின் 47-ஆவது பிரிவு, குடும்பத்தாருக்கும் பணியாளர்களுக்கும் பராமரிப்புப் பயிற்சி தரும் திட்டங்களை அரசு தொடங்க வேண்டும் என்கிறது. 24-ஆவது பிரிவு, உயர் ஆதரவு (அன்றாட வாழ்க்கைக்கு மிக அதிகமான துணை) தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி, அதாவது உதவித்தொகை, தருவதைப் பேசுகிறது. பயிற்சியும் படியும் இப்படித் தனித்தனிப் பிரிவுகளில் இருப்பதால் அவற்றுக்கான வழிகளும் தனித்தனி. ஒன்றுக்கு விண்ணப்பித்தால் மற்றது தானாக வராது.

படியை முதலில் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர், அறிவுசார் குறைபாடு உடையோர், தசைச்சிதைவு நோய் உள்ளோர் உள்ளிட்ட பிரிவினருக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.2,000. உயர் ஆதரவு தேவைப்படுவோரைக் கவனிப்பவருக்கு இதற்கு மேல் மாதம் ரூ.1,000 தனி. இரண்டுக்கும் அணுக வேண்டிய இடம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். தனித்துவ அடையாள அட்டை (யு.டி.ஐ.டி.), ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

இங்கே பலர் தடுக்கி விழுவது ‘உயர் ஆதரவு’ என்ற சொல்லில். அட்டையில் ஊனம் 90 சதவீதம் என்று இருந்தால் போதும் என நினைத்துவிடுகிறார்கள். 38-ஆவது பிரிவின்படி அது தனி விண்ணப்பம். 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ள எவரும், தமக்கு உயர் ஆதரவு தேவை என்று கருதினால் தாமே விண்ணப்பிக்கலாம். அவருக்காக வேறொருவரோ ஓர் அமைப்போ விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டு வாரியம் பார்த்து அறிக்கை தரும். சதவீதம் உடலின் குறைபாட்டை அளக்கிறது. வாரியம் பார்ப்பதோ அன்றாட வாழ்க்கைக்கு எவ்வளவு துணை வேண்டும் என்பதை. குளியல், கழிவறை, உணவு, இடம் மாறுதல், இரவில் எத்தனை முறை எழ வேண்டியிருக்கிறது என்று ஒரு வாரத்துக்கு எழுதி எடுத்துச் சென்றால் மதிப்பீட்டில் எதுவும் விட்டுப்போகாது.

பயிற்சி எங்கே கிடைக்கும்

மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் ‘சஹ்யோகி’ திட்டம் பராமரிப்பாளர் பயிற்சிக்கென்றே வந்தது. அடிப்படை, மேல்நிலை என இரண்டு கட்டங்களாக அது வடிவமைக்கப்பட்டது. அறக்கட்டளையில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்கள் வழியே வகுப்பு நடக்கும். ஆனால் தேசிய அறக்கட்டளைச் சட்டம் (1999) நான்கு குறைபாடுகளுக்கு மட்டுமானது: ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு. தண்டுவடக் காயம்பட்டவரைப் பார்த்துக்கொள்பவர் இந்தப் பாடத்தில் சேர்ந்தால் அவருக்குத் தேவையான பாதி விஷயம் அதில் இருக்காது.

இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் (ஆர்.சி.ஐ.) அங்கீகரிக்கும் பராமரிப்புச் சான்றிதழ்ப் படிப்பு, இதையே தொழிலாகச் செய்ய விரும்புவோருக்கு. சேருவதற்கு முன் கவுன்சிலின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனியாக, குறிப்பிட்ட கல்வியாண்டுகளுக்குத் தரப்படுவது. சிறப்புக் கல்வியியல் பட்டயத்துக்கு அங்கீகாரம் வைத்திருக்கும் நிறுவனம், பராமரிப்புப் படிப்புக்கும் அதையே காட்டி ஆள் சேர்த்தால் உங்கள் சான்றிதழுக்கு மதிப்பில்லை.

திறன் மேம்பாட்டு மையங்களில் ‘ஹோம் ஹெல்த் எய்டு’ என்ற படிப்பு உண்டு. இது முதியோரையும் நோயாளிகளையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. தூக்குதல், குளிப்பாட்டுதல், காய்ச்சல், ரத்த அழுத்தம் பார்த்தல் ஆகியவை நன்றாக வரும். ஆட்டிசம் உள்ள இளைஞரோடு பழகுவது வராது.

வீட்டாருக்கு இவற்றைவிடப் பொருத்தமானவை குறுகிய பயிற்சிகள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் (நிப்மெட்) பெற்றோருக்குப் பயிற்சி தருகிறது. உலக வங்கிக் கடனோடு மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் ‘விழுதுகள்’ சேவை மையங்களில் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் குழந்தைக்குப் பயிற்சி தரும்போது வெளியே காத்திருக்காமல் உள்ளே இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். வளர்ச்சித் தாமதம் உள்ள 2 முதல் 9 வயதுக் குழந்தைகளின் குடும்பங்களுக்காக உலக சுகாதார நிறுவனம் ஒரு பயிற்சித் தொகுப்பு வைத்திருக்கிறது: ஒன்பது குழு அமர்வுகள், மூன்று வீட்டுச் சந்திப்புகள். அந்த வீட்டுச் சந்திப்புதான் அதன் பலம். வகுப்பில் பொம்மையை வைத்துச் செய்துகாட்டியது, குறுகலான குளியலறையில் நடக்குமா என்பது வீட்டுக்கு வந்தால்தான் தெரியும்.

பயிற்சியில் என்ன இருக்க வேண்டும்

சேரும் முன் பாடத்திட்டத்தைக் கேளுங்கள். கீழே உள்ளவற்றைக் கைப்படச் செய்ய வைக்கிறார்களா, வெறும் ஸ்லைடு காட்டி அனுப்புகிறார்களா என்று பாருங்கள்.

இடம் மாற்றுதல்: சக்கர நாற்காலியைக் கட்டிலுக்கு 30 முதல் 45 டிகிரி கோணத்தில், படுத்திருப்பவருடைய வலுவான பக்கத்தில் நிறுத்த வேண்டும். இரண்டு பிரேக்கையும் போட்டு, கால் தட்டை மடக்க வேண்டும். அவர் கட்டில் விளிம்புக்கு நகர்ந்து, இரு பாதமும் தரையில் முழுதாகப் பதிந்த பிறகே எழுப்ப வேண்டும். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவது நம் வீடுகளில் சகஜம். பக்கவாதத்தால் தளர்ந்திருக்கும் தோள்மூட்டு அதில் நழுவிவிடும். இடுப்பில் கட்டும் பட்டையைப் பிடித்து, தூக்குபவர் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி எழுப்ப வேண்டும். பராமரிப்பாளரின் இடுப்பு போய்விட்டால் அந்த வீட்டில் இருவர் படுக்கையில்.

படுக்கைப்புண்: படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும், முழுப் பக்கவாட்டில் அல்ல, தலையணை வைத்து 30 டிகிரி சாய்வில். நாற்காலியில் இருப்பவருக்கு 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை உடலின் பாரம் விழும் இடம் மாற வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. நம் கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சூடு, வீக்கம், கெட்டித்தன்மை இருக்கிறதா என்று தடவிப் பார்க்கக் கற்றுத்தர வேண்டும். அந்த இடத்தில் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது தவறு. மருந்துக்கடையில் விற்கும் வளைய மெத்தையும் தவறு. வளையத்தின் விளிம்பு அழுத்தி நடுப்பகுதிக்கு ரத்தம் போவது குறைகிறது.

உணவு ஊட்டுவது: பாடத்திட்டங்களில் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும் இது, உயிருக்கு நேரடி ஆபத்து உள்ள இடம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை மடியில் மல்லாத்தி, தலையைப் பின்னால் சாய்த்துச் சங்கில் புகட்டினால் பால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். நிமிர்ந்த உட்கார்வு, பாதத்துக்குத் தாங்கல், தாடை சற்றே உள்வாங்கிய நிலை, நேர் எதிரிலிருந்து சிறு கரண்டி என்பதுதான் முறை. தண்ணீர் போன்ற திரவம்தான் பெரும்பாலும் அதிகம் புரையேறும். ரசம் சாதம் இன்னும் மோசம்: திரவம் முந்தி ஓடும், பருக்கை வாயில் நிற்கும். மசித்துக் கெட்டியாக ஒரே பதத்தில் கொடுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. ஊட்டும்போது இருமல், கண்ணில் நீர், கரகரத்த ஈரக்குரல் வந்தால் நிறுத்துங்கள். இருமலே இல்லாமலும் உணவு நுரையீரலுக்குப் போகலாம். அடிக்கடி சளி, காய்ச்சல் வந்தால் பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சையாளரிடம் காட்ட வேண்டும்.

வலிப்பு: கையில் சாவி திணிப்பது, வாயில் கரண்டி வைப்பது இரண்டும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் அடுத்தது வந்தாலோ 108.

தண்டுவடக் காயம்: 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான குழாய் வைத்துச் சிறுநீர் எடுப்பதைச் செவிலியர் முன்னிலையில் செய்துகாட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். வேலை குறையட்டும் என்று தண்ணீரைக் குறைத்தால் தொற்றும் கல்லும் வரும். மார்பின் ஆறாம் தண்டுவட மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீர் மண்டையிடி, முகத்தில் வியர்வை, எகிறும் ரத்த அழுத்தம் வந்தால் உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடங்காவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனை. பொதுவான பராமரிப்பு வகுப்புகளில் இது பெரும்பாலும் விட்டுப்போகிறது.

ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு: அடம், தாக்குதல் வரும்போது அதற்கு முன் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பிறகு அவருக்கு என்ன கிடைத்தது என்று மூன்று பத்தியாக எழுதும் பழக்கத்தைப் பயிற்சி தர வேண்டும். பல நேரம் காரணம் பல்வலியோ மலச்சிக்கலோதான்.

ஆள் வைப்பவர்களுக்கு

சான்றிதழைப் பார்த்த பிறகும் முதல் வாரம் வீட்டார் கூடவே இருந்து, மேற்சொன்னவற்றைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். தொடுவதற்கு முன் மாற்றுத்திறனாளியிடமே சொல்லிவிட்டுப் பணியாளர் தொடுகிறாரா, அவரைப் பற்றி உங்களிடம் கேட்காமல் அவரிடமே கேட்கிறாரா என்பதையும் கவனியுங்கள். பொறுப்பில் இருப்பவர் தெரிந்தே உணவோ நீரோ மறுப்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92-ஆவது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. “அடிக்கடி சிறுநீர் போகிறார்” என்று தண்ணீர் தராமல் இருப்பதும் இதில் அடங்கக்கூடும். இது குடும்பத்தாருக்கும் பொருந்தும். கொடுமை நடந்தால், நடக்கும் அபாயம் இருந்தால், நிர்வாக நடுவரிடம் (எக்ஸிக்யூட்டிவ் மாஜிஸ்திரேட்) யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம் (பிரிவு 7).

மத்திய அரசு ஊழியராக இருந்து, மாற்றுத்திறனாளியான மகன், மகள், பெற்றோர், துணைவர், உடன்பிறந்தார் ஆகியோரில் ஒருவருக்கு முதன்மைப் பராமரிப்பாளராக இருந்தால், நிர்வாக வசதிக்கு உட்பட்டு வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்குக் கோரலாம். 2018 அக்டோபர் 8 தேதியிட்ட பணியாளர் துறை ஆணையைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.