கியர் தெறிக்கிறதா? கியர் பாக்ஸைப் பிரிக்கும் முன் ராடைப் பாருங்கள்

போன மாதம் எங்கள் பட்டறைக்கு ஒரு பக்கி வண்டி (பாடி இல்லாமல், குழாய்ச் சட்டத்தில் கட்டும் சின்ன வண்டி) டெம்போவில் ஏறி வந்தது. மாருதி 800 இன்ஜினையும் கியர் பாக்ஸையும் அப்படியே தூக்கி சீட்டுக்குப் பின்னால் வைத்துக் கட்டியிருந்தார்கள், தோட்டத்துக்குள் ஓட்டுவதற்காக. மேட்டில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இரண்டாம் கியர் நியூட்ரலுக்குத் தெறித்துவிடுமாம். இன்ஜின் கத்தும், வண்டி பின்னால் உருளும். இதற்காக வேறொரு இடத்தில் கியர் பாக்ஸை இரண்டு தடவை பிரித்து, சிங்க்ரோ ரிங் (கியர் சத்தமில்லாமல் விழ உதவும் உள்வளையம்) வரைக்கும் மாற்றியிருக்கிறார்கள்.

நான் அதைத் தொடவில்லை. கியர் லிவரிலிருந்து வரும் ராடு, கியர் பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கியர் மாற்றும் ஷாஃப்ட்டில் மாட்டும். அந்த ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். வண்டியோடு வந்த தம்பியை ஏறி உட்காரச் சொல்லி, இரண்டாம் கியரில் பிரேக்கை நன்றாக அழுத்தியபடி கிளட்ச்சைக் கொஞ்சமாக விட வைத்தேன். இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் ஒருபக்கமாகச் சாய்ந்தது. கோடு 6 மி.மீ. வெளியே வந்துவிட்டது. யாரும் லிவரைத் தொடவே இல்லை!

விஷயம் இதுதான். இன்ஜின் ஆடும், சேஸிஸ் (வண்டியின் சட்டம்) ஆடாது. லிவர் சேஸிஸில் இருந்தால், இன்ஜின் சாயும்போது ராடு ஷாஃப்ட்டை இழுத்துக் கியரைக் கழற்றிவிடும். மாருதி 800-இல் கம்பெனிக்காரன் கியர் ராடோடு இன்னொரு கம்பியும் கொடுத்திருப்பான். ஒரு முனை கியர் பாக்ஸில், மறுமுனை லிவரின் அடிப்பாகத்தில். இன்ஜின் அசைந்தால் லிவரின் அடியும் சேர்ந்தே அசையும், அதனால் ராடை எதுவும் இழுக்காது. இதைத்தான் பலர் “சும்மா சப்போர்ட்டுக்கு” என்று நினைத்துக் கழற்றிப் போடுகிறார்கள். இந்த வண்டியிலும் அப்படித்தான், லிவரை நேராக சேஸிஸில் வெல்டு வைத்திருந்தார்கள்.

ராடுக்குப் பதில் கேபிள் போடுகிறவர்களும் தப்பவில்லை. உள்கம்பி எங்கே மாட்டுகிறது என்று பார்ப்பவர்கள், வெளிக்குழாயை எங்கே பிடிக்கிறோம் என்று பார்ப்பதில்லை. அதைக் கியர் பாக்ஸில் போல்ட் செய்த பிராக்கெட்டில்தான் பிடிக்க வேண்டும். சேஸிஸில் பிடித்தால் அதே நோய்தான்.

அப்புறம் லூஸ். லிவரில் பிவட்டுக்கு (லிவர் ஆடும் அச்சு) மேலே 240 மி.மீ., கீழே 60 மி.மீ. என்றால், கீழே 1 மி.மீ. ஆட்டம் குமிழில் 4 மி.மீ. ஆகும். மூன்று ஜாயின்ட், ஒவ்வொன்றிலும் ஒரு மில்லி என்றால் 12. ராடு ஜாயின்ட்டுக்குப் பழைய ஸ்டியரிங் கிராஸை (எந்தப் பக்கமும் மடங்கும் ஜாயின்ட்) எடுத்துப் போடும்போது கையால் முறுக்கிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் தூர வைத்துவிடுங்கள், கிரீஸ் அடித்தால் லூஸ் போகாது.

ராடு எண்ட் (முனையில் பந்து ஜாயின்ட் உள்ள துண்டு) போட்டால் மரை எவ்வளவு உள்ளே ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். எம்8 என்றால் குறைந்தது 12 மி.மீ., மேலே செக் நட் (மரை கழலாமல் இறுக்கும் இரண்டாவது நட்). போல்ட்டை ஒரே பக்கம் பிடிக்காமல், இரண்டு தகட்டுக்கு நடுவே கொடுப்பது நல்லது. வழியில்லை என்றால் வெளிப்பக்கம் பெரிய வாஷராவது போடுங்கள், பந்து தெறித்தாலும் ராடு கழன்று விழாது.

சட்டம்? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனிக்காரன் முதலில் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இந்த மாதிரி வண்டியை ரோட்டுக்கு எடுக்க நினைப்பவர்கள் வேலைக்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பக்கிக்கு 16 மி.மீ. குழாயில் இரண்டாவது கம்பியைச் செய்து, லிவரின் அடியைச் சேஸிஸிலிருந்து அறுத்து ரப்பர் புஷ்ஷில் உட்கார வைத்தோம். சைலன்சரிலிருந்து மூன்று விரல் இடம் விட்டோம். மறுபடியும் சாக்பீஸ் கோடு, மறுபடியும் கிளட்ச். இன்ஜின் முன்போலவே சாய்ந்தது. கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தத் தம்பி மட்டும் சிங்க்ரோ ரிங்குக்குக் கொடுத்த காசை நினைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான்.