சார்ஜ் ஏறவில்லையா? ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன்

ஓடும் காரில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால், சிலர் உடனே புது பேட்டரி வாங்குகிறார்கள். சிலர், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையே மாற்றிவிடுகிறார்கள். இரண்டும் அவசர முடிவுகள். சார்ஜ் சரியாக ஏறவில்லை என்பதற்கு மேல் அந்த விளக்குக்கு எதுவும் தெரியாது. கோளாறு எங்கே என்பதை ஒரு சாதாரண மல்டிமீட்டர் காட்டிக்கொடுக்கும். உள்ளே நடப்பது நமக்குப் புரிந்திருந்தால் போதும்.

எஞ்சின் பெல்ட் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் ரோட்டரைச் சுழற்றுகிறது. ரோட்டர் பொதுவாக நிலைக்காந்தம் அல்ல. அதன் சுருளில் சில ஆம்பியர் மின்சாரம் பாயும்போதுதான் காந்தமாகிறது. அந்த மின்சாரத்தைச் சுழலும் சுருளுக்குக் கொண்டுசேர்ப்பவை இரண்டு கார்பன் பிரஷ்கள். சுற்றிலும் அசையாமல் இருக்கும் ஸ்டேட்டர் சுருள்களில், 1831-ல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலால் மாறுதிசை மின்சாரம் பிறக்கிறது. பேட்டரிக்கு அது ஆகாது. எனவே மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடுகள் அதை நேர்திசையாக்குகின்றன. எஞ்சின் மெதுவாக ஓடினாலும் சீறினாலும் வோல்டேஜ் 14-ஐ ஒட்டியே நிற்பதற்குக் காரணம் ரெகுலேட்டர். ரோட்டருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைப்பதுதான் அதன் வேலை.

சரி, இனி அளக்கலாம். சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் காரில், நன்றாகச் சார்ஜ் ஆன பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். எஞ்சினை ஓடவிட்டால் அது 13.8-லிருந்து 14.5-க்குள் ஏற வேண்டும். ஏறாமல் மெல்ல இறங்கினால் சார்ஜ் இல்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர்மீது சந்தேகப்படலாம். புதிய கார்கள் பலவற்றில் கணினியே வோல்டேஜை வேண்டுமென்று குறைப்பதுண்டு. அதனால் ஹெட்லைட், புளோயர் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

அளவு குறைவாக இருந்தாலும் பழியை ஆல்டர்னேட்டர்மேல் போட்டுவிட முடியாது. பெல்ட் தேய்ந்து வழுக்கலாம், ஒயர் இணைப்பில் களிம்பு பிடித்திருக்கலாம். எஞ்சின் ஓடி, ஹெட்லைட், புளோயர் போன்ற லோடும் இருக்கும்போது, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் மாட்டியிருக்கும் போல்ட்டிலும், மறு முனையை பேட்டரியின் பாசிட்டிவிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டுக்கு மேல் போனால் கோளாறு ஒயரில்தான்.

டையோடு கெடுவது இன்னும் தந்திரமானது. ஒன்று செயலிழந்தாலும் மீட்டர் 13.5 வோல்ட் காட்டி ஏமாற்றலாம். அந்தச் சிவப்பு விளக்கு மங்கலாக மினுக்கும், அவ்வளவுதான். எஞ்சின் ஓடும்போதே மீட்டரை ஏசி (மாறுதிசை) வோல்ட் அளவுக்கு மாற்றி பேட்டரியில் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் மாறுதிசை அலை தப்பி வெளியே வருகிறது என்று பொருள். டையோடுகள் கசிந்தால் நிறுத்திய காரிலும் பேட்டரி வடியும். இரவெல்லாம் நின்ற காரின் ஆல்டர்னேட்டர் காலையில் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தால், காரணம் இதுதான்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பேட்டரி இல்லாத அந்தக் கணத்தில் வோல்டேஜ் எகிறி, காரின் கணினியையே பொசுக்கிவிடலாம்.

ஆல்டர்னேட்டர்தான் என்று உறுதியானால், முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். சாவியை எடுத்த பிறகும் அந்தத் தடித்த ஒயரில் பேட்டரியின் மின்சாரம் நிற்கும். ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். பெல்ட் போகும் பாதையைப் படம் எடுத்துக்கொண்டு, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்தி அதை எடுங்கள். அப்புறம் ஒயர்கள், போல்ட்டுகள். பெல்ட் இல்லாத இந்த நேரத்தில் மற்ற புல்லிகளையும் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் அந்த பேரிங்கும் போய்விட்டது. சில மாடல்களில் ரெகுலேட்டரும் பிரஷ்ஷும் ஒரே துண்டாகப் பின்பக்கம் இருக்கும். பிரஷ் மட்டும் தேய்ந்திருந்தால் அதை மாற்றினாலே போதும்.

புதியதன் புல்லிப் பள்ளங்கள், போல்ட் துளைகள், ஆம்பியர் அளவு மூன்றும் பழையதோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். தடித்த ஒயரின் நட்டைத் தளர்வாக விடாதீர்கள். அத்தனை ஆம்பியரும் அதன் வழியேதான் பாயும், சூடேறி உருகிவிடும். வடிந்துபோன பேட்டரியைத் தனி சார்ஜரில் நிரப்பிவிட்டு மாட்டுங்கள். அதை முழுதாக ஏற்றும் சுமையைப் புது ஆல்டர்னேட்டர்மேல் வைத்தால் அது அளவுக்கு மீறிக் கொதிக்கும். நெகட்டிவைக் கடைசியாக மாட்டி, முதலில் எடுத்த அளவுகளையே மறுபடி எடுங்கள். இப்போதும் 13.8-ஐ எட்டவில்லை என்றால், ரெகுலேட்டருக்கு வரும் சிறிய ஒயரையும் அதன் ஃபியூஸையும் பாருங்கள்.